முன்வரிசைப் பெட்டிகள்

காலை 10.20. அரசுக் கொள்முதல் அலுவலகத்தின் கிடங்கில் ஒன்பதாவது பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே புது மடிக்கணினி இருக்க வேண்டும். இருந்தது பழசு. திரையின் ஒரு மூலை நொறுங்கியிருந்தது. விசைப்பலகையில் நான்கு எழுத்துகளைக் காணோம். பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை.

பத்தாவது பெட்டியிலும் பழசு. பதினொன்றிலும் பழசு. அதற்குப் பிறகு யாரும் நிதானமாகத் திறக்கவில்லை, கிழித்தார்கள். மீதியிருந்த அத்தனை பெட்டியிலும் யாரோ எப்போதோ உபயோகித்துத் தூக்கிப் போட்ட கணினிகளே கிடந்தன.

பெட்டிகளின் மேல் அலுவலக முத்திரை கிழிக்கும் வரை ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. கிடங்குப் பூட்டு உடையவில்லை. அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. சாவி ஒன்றே ஒன்று. அது கிடங்குப் பொறுப்பாளரான பெண்ணின் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

அவள் சுவரோரம் நின்றாள். அழவில்லை, சத்தியம் செய்யவில்லை. கிழிந்த அட்டைத் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினாள்.

"போலீஸுக்குச் சொல்லிட்டேன்மா. விதிப்படி அதுதான் முறை," என்றார் கொள்முதல் அதிகாரி. வாயைத் திறந்தால் 'விதிப்படி' என்றுதான் தொடங்குவார். அதனால் அலுவலகத்தில் அவர் பெயரே விதிப்படி.

"சரி சார்," என்றாள் அவள், யாரோ தேநீர் வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்வது மாதிரி.

அவள் அதே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவள். கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் கணவன். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது. பத்தே நாளில் பூட்டை மாற்றி, பெட்டிகளை எண்ணி, சாவியை அவளிடம் கொடுத்தார்கள். எட்டு வயது மகளும் அந்தச் சாவியுமாக அவள் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

நண்பகல் 12.15. காவல் நிலையத்துக்குள் ஐம்பதைத் தொட்ட ஒரு பெண் நுழைந்தாள். தீ விபத்தா, திருட்டா, சும்மா ஜோடித்ததா என்று இழப்பைப் பார்த்துச் சொல்வது அவள் தொழில். காப்பீட்டு நிறுவனத்தில் இருபது வருடமாக அதைத்தான் செய்கிறாள். அவளிடம் மாட்டிய பொய்க் கோரிக்கை எதுவும் தப்பியதில்லை என்பதால் அங்கே அவளுக்குச் சல்லடை என்று பெயர். பொறுப்பாளருக்கு அவள் நாத்தனார். செத்துப்போனவன் அவளுடைய ஒரே தம்பி.

சாவு வீட்டில் அவளும் அழவில்லை. அன்றிலிருந்து உடம்பில் ஏதோ ஒரு பக்கம் மரத்துப்போன மாதிரிதான் இருந்தாள். சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், எதுவும் உறைக்கவில்லை.

இன்ஸ்பெக்டருக்கு அவளைப் பழைய தீ விபத்து வழக்குகளிலிருந்து தெரியும். எழுந்து நாற்காலி போட்டார்.

"மேடம், உங்க சொந்தம்னு தெரியும். அதனாலதான் கைது பண்ணாம பெஞ்சுல உக்கார வெச்சிருக்கேன். மூணு மணிக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது. அரசாங்கச் சொத்து பாருங்க."

"புகாரைப் படிக்கலாமா சார்?"

அவர் தன் மேசையிலிருந்த மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். மூடியெங்கும் கீறல். ஒரு பக்கம் ஏதோ ஸ்டிக்கரைப் பிய்த்த பசைத் தடம் அழுக்காகப் படிந்திருந்தது.

"பழசுன்னு பாக்காதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர் பெருமையாக. "அஞ்சு மாசம் முன்னாடி ஸ்டேஷனுக்கு வந்துச்சு. புதுப்பிச்சதுக்குத்தானே இப்ப முன்னுரிமை? ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல. சார்ஜ் போட்டா நாள் முழுக்க நிக்குது."

விதி அப்படித்தான். எந்த அரசு அலுவலகம் கணினி வாங்க நினைத்தாலும், பழசைப் பழுது நீக்கிப் புதுப்பித்தது கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். கிடைத்தால் அதற்கே முன்னுரிமை. புதுசு வேண்டுமென்றால் காரணம் சொல்லித் தனி அனுமதி வாங்க வேண்டும். குப்பை குறையட்டும் என்று யாரோ நல்ல மனதோடு போட்ட விதி.

சல்லடை புகாரைப் படித்தாள். இன்ஸ்பெக்டரின் பேனா உருண்டு கணினிக்கு அடியில் போனது. அதை எடுக்கக் கணினியைச் சாய்த்தாள். அடிப்பக்கம் பார்த்தாள். கறுப்புத் திருகாணிகள், வரிசையாக, பளிச்சென்று. பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, "கிடங்கைப் பாக்கணும்," என்றாள்.

காலையில் கிழித்த அட்டைகளைத் தவிர கிடங்கு சுத்தமாக இருந்தது. தம்பியின் கை அது. பெட்டியின் விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்குவான். சின்ன வயதில் தீப்பெட்டிகளைக்கூட அப்படித்தான் அடுக்குவான். அதை நினைத்தும் அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

விதிப்படி கூடவே நின்று விளக்கினார். "மொத்தம் நாப்பது புதுசு மேடம். வரைபடப் பயிற்சி மையத்துக்குன்னு தனி அனுமதி வாங்கினது. மையத்துக்குக் கட்டடம் முடியல, அதனால கொஞ்சம் கொஞ்சமா அனுப்பறோம். இதுவரைக்கும் எட்டு போயிருக்கு. எட்டும் நல்ல புதுசு, அங்க ஓடிக்கிட்டிருக்கு. ஆக, மீதியை மாத்தினது இப்பத்தான்."

"இவங்க பொறுப்பு எடுத்தப்ப திறந்து பாத்தீங்களா?"

"பாக்காம? விதிப்படி ரெண்டு பெட்டி திறந்தோம். ரெண்டும் புதுசு. நான், கணக்கு அதிகாரி, இன்னொருத்தர், மூணு பேர் சாட்சி. அப்ப இருந்தது இப்ப இல்லன்னா நடுவுல சாவி யார்கிட்ட இருந்துச்சு? நீங்களே சொல்லுங்க."

"எந்த ரெண்டு பெட்டி சார்?"

"எந்த ரெண்டுன்னா? முன்வரிசையிலேர்ந்து ரெண்டு. கிடங்குல எதை எடுத்தாலும் முன்னாடியிலேர்ந்துதான் எடுக்கணும். அடுக்கைக் கலைக்கக் கூடாது."

"பழைய கணினிகளும் இங்கதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு. துறையில கழிச்சதெல்லாம் அந்த மூலையில கிடந்துச்சு. ஆறு மாசம் முன்னாடி புதுப்பிக்கிற பட்டறைக்கு வித்துட்டோம். அவங்க சரி பண்ணி, திரும்ப அரசாங்க ஆபீஸுங்களுக்கே கொடுப்பாங்க. அதுக்கப்புறம் இங்கேர்ந்து கழிச்ச சாமான் எதுவும் வெளிய போகல."

"போனப்ப வாசல்ல யார் பாத்தா?"

"காவலர் அட்டைப்பெட்டியை எண்ணுவார். எண்ணிக்கை சரியா இருந்தா சரி. பிரிச்சுப் பாக்கறது அவர் வேலை இல்ல."

இன்ஸ்பெக்டர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். "மேல முத்திரையைத் தொடல. அடியில பிரிச்சிருக்காங்க. இதைப் பாருங்க, டேப்பு பளபளன்னு இருக்கு. ஒட்டி ஒரு மாசம்கூட ஆகியிருக்காது. இதுக்கு உங்க தம்பி சம்சாரம் வாயே திறக்கல."

சல்லடை அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு மற்ற பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். எல்லாவற்றிலும் அடியில் டேப் மாற்றி ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் அவற்றில் டேப்பின் ஓரத்தில் தூசி கறுப்புக் கோடாகப் படிந்து இறுகியிருந்தது. பளபளப்பு அந்த ஒரு பெட்டியில் மட்டும்தான்.

வெளியே வரும்போது காலி அட்டைப்பெட்டி ஒன்றின் பக்கவாட்டைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டாள். கணினியின் வரிசை எண் அதில் அச்சாகியிருந்தது. எதற்கு என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை.

புதுப்பிக்கும் பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. நீள மேசைகள், பல் துலக்கும் பிரஷ்கள், சின்னச் சின்ன ஊதுகுழாய்கள். பட்டறைக்காரர் வெள்ளைக் கையுறையோடு ஒரு கணினியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஷோரூமில் வைத்தது மாதிரி மின்னியது அது.

"அசல் புதுசு மாதிரி இருக்கே," என்றாள் சல்லடை.

மனுஷனுக்கு முகம் மலர்ந்தது. "அதுதான் மேடம் எங்க தொழிலே! பழசுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா எவன் வாங்குவான்? மூடியில சின்னக் கீறல் இருந்தாலும் பாலிஷ் போடாம விட மாட்டேன். பசை, அழுக்கு, எதுவும் இருக்கக் கூடாது."

"அப்ப பழசுன்னு கண்டுபிடிக்கவே முடியாதா?"

"திருப்பிப் பாத்தா முடியும்." அவர் கணினியைக் கவிழ்த்தார். தொழில் ரகசியம் சொல்லும் உற்சாகம் அவருக்கு. "எந்தக் கணினியும் திறக்காம புதுப்பிக்க முடியாது. தூசி எடுக்கணும், பேட்டரி மாத்தணும். எவ்வளவு பதமா கழட்டினாலும் திருகாணித் தலையில கறுப்புப் பூச்சு கொஞ்சம் போயிடும். பாருங்க, வெள்ளி தெரியுதா?"

தெரிந்தது. ஒவ்வொரு திருகாணியின் நடுவிலும் மெல்லிய வெள்ளிக் கீற்று இருந்தது.

"போலீஸ் ஸ்டேஷனுக்குக் கணினி கொடுத்தது நீங்கதானே?"

"ஆமா மேடம். அஞ்சு மாசம் ஆச்சு."

"அதுல மூடியெல்லாம் கீறல். ஸ்டிக்கர் பசைகூட எடுக்கல. ஆனா திருகாணி ஒண்ணுலகூட வெள்ளி தெரியலயே?"

பட்டறைக்காரர் கையுறையைக் கழற்றத் தொடங்கினார். ஒரு விரல் மாட்டிக்கொண்டது. அதையே இழுத்துக்கொண்டிருந்தார்.

"அவசரத்துல... பசங்க பாத்திருப்பாங்க," என்றார்.

"மூணு மணிக்குள்ள ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு வந்ததா இருக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டுச் சல்லடை கிளம்பினாள்.

திரும்பி நடக்கும்போது அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கால் ஒழுங்காக நடந்தது. சிக்னலில் நின்றாள், பச்சை விழுந்ததும் கடந்தாள். ஒரு வழக்கு முடிந்தால் வழக்கமாக வரும் திருப்தி வரவில்லை. துக்கமும் வரவில்லை. தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

காவல் நிலையத்துப் பெஞ்சில் தம்பி மனைவி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சல்லடை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த ஒரு பெட்டியைப் பிரிச்சது நீதானே?"

"ஆமா அண்ணி."

"எப்ப?"

"போன மாசம். பின்வரிசையில ஒரு பெட்டி நசுங்கியிருந்துச்சு. உள்ள உடைஞ்சிருக்குமோன்னு அடியில பிரிச்சுப் பாத்தேன். உள்ள பழசு. அப்படியே ஒட்டிட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லல."

"சொன்னா எப்ப நடந்துச்சுன்னு கேப்பாங்க. எனக்கு முன்னாடி சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு கேப்பாங்க." அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "பதில் ஒண்ணே ஒண்ணுதானே அண்ணி இருக்கு."

சல்லடை எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"வாங்கின காசை என்ன பண்ணான்?"

"தெரியாது. வீட்டுக்கு வரல. உங்க தம்பி எதையும் என்கிட்ட சொன்னதில்ல, உங்களுக்கே தெரியும். அண்ணி, நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. சொல்லாதீங்க."

"பைத்தியமா உனக்கு? உள்ள போட்டுடுவாங்க."

"போடட்டும். பாப்பாவை நீங்க பாத்துக்க மாட்டீங்களா? அவ தினமும் அப்பா சட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கறா. அம்மா திருடின்னா என்னைக்காவது ஜெயில்லேர்ந்து வந்து நான் புரிய வெச்சுடுவேன். அப்பா திருடன்னா அவர் வந்து என்ன சொல்ல முடியும்?"

சல்லடைக்குத் தம்பியின் பெயரை இவள் இத்தனை கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாளே என்று கோபம் வந்தது. அந்தப் பெயரைத் தானும் அதே கெட்டியாகத்தான் பிடித்திருக்கிறோம் என்றும் தெரிந்தது. எழுந்து உள்ளே போனாள்.

பிற்பகல் 2.40. இன்ஸ்பெக்டர், விதிப்படி, பட்டறைக்காரர் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பட்டறைக்காரர் சொன்னபடி வந்திருந்தார், முகத்தில் ரத்தமில்லை. தம்பி மனைவி கதவருகே நின்றாள்.

"சார், உங்க கணினியைக் கவிழுங்க," என்றாள் சல்லடை.

இன்ஸ்பெக்டர் கவிழ்த்தார்.

"திருகாணி ஒண்ணுகூடத் திறக்கல. அதாவது இதை யாரும் புதுப்பிக்கல. புதுப்பிக்கிறவன் கீறலை அழிப்பான், அழுக்கை எடுப்பான். இதுல கீறல் போட்டிருக்காங்க, அழுக்கைப் பூசியிருக்காங்க. எல்லாக் கீறலும் ஒரே பக்கமா ஓடுது பாருங்க, உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி. புதுசைப் பழசாக்கியிருக்காங்க சார். முன்னுரிமை பழசுக்குத்தானே? ஸ்டேஷனுக்குன்னு புதுசை யாரும் வாங்க மாட்டாங்க."

"என்னோடதா?" என்றார் இன்ஸ்பெக்டர். புகாரை அதிலேயே தட்டியிருந்தார்.

"அடியில இருக்கற ஸ்டிக்கர் எண்ணைப் பாக்காதீங்க, அது மாத்தினது. கணினியைப் போட்டு, அமைப்புக்குள்ள போய் வரிசை எண்ணைப் பாருங்க. அதை யாராலயும் சுரண்ட முடியாது."

அவர் பார்த்தார். சல்லடை கைபேசிப் படத்தைப் பெரிதாக்கி வைத்தாள். முன்பகுதி எழுத்துகள் ஒன்று. கடைசி மூன்று இலக்கம் மட்டும் வேறு. விதிப்படி கிடங்குக்குத் தொலைபேசினார். கொஞ்ச நேரத்தில் காலி அட்டைகளில் ஒன்றின் எண் அப்படியே பொருந்துவதாகப் பதில் வந்தது. திருட்டுப் பொருள் இன்ஸ்பெக்டரின் முழங்கைக்கு அடியில் ஐந்து மாதமாக இருந்திருக்கிறது.

"பூட்டை யாரும் உடைக்கல," என்று தொடர்ந்தாள் சல்லடை. "ஆறு மாசம் முன்னாடி கழிச்ச சாமான்னு வாசல் வழியா போனதுலதான் புதுசு போச்சு. பழசு புதுப் பெட்டிக்குள்ள போச்சு. எண்ணிக்கை சரியா இருந்துச்சு, காவலர் விட்டுட்டார். முன்வரிசையை மட்டும் தொடல. ஏன்னா கிடங்குல முன்னாடியிலேர்ந்துதான் எடுப்பாங்க. யார் சோதிச்சாலும் அதைத்தான் திறப்பாங்க. விதிப்படி, சாரும் அதைத்தான் திறந்தாரு."

விதிப்படி வாயைத் திறந்தார். விதிப்படி சொல்ல எதுவும் இல்லாததால் மூடிக்கொண்டார்.

"இந்தக் கணினி இங்க வந்து அஞ்சு மாசம். இவங்க கையில சாவி வந்து நாலு மாசம்கூட ஆகல. இவங்க எப்படி எடுத்திருக்க முடியும்?"

இன்ஸ்பெக்டர் பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார். "யார் கொடுத்தா?"

பட்டறைக்காரர் கதவருகே நின்றவளைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். "வித்தது நான் சார். அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க. கொடுத்தவர் பேரை அந்தம்மா முன்னாடி என் வாயால சொல்ல மாட்டேன்."

தம்பி மனைவி தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம் என்று. இன்னும் நேரம் இருந்தது. பட்டறைக்காரர் வாயைத் திறக்காவிட்டால் வழக்கு எந்தப் பக்கமும் இழுபடலாம். யாரோ பெயர் தெரியாத ஒருவன் என்று முடியலாம். அது வரைக்கும் அந்தப் பளபளக்கும் டேப்பைக் காட்டி இவளை உள்ளே வைப்பார்கள். சல்லடை இருபது வருடமாக எத்தனையோ பேரை, அவர்கள் அழுவதைப் பார்த்துக்கொண்டே, பெயர் சொல்லிக் காட்டியிருக்கிறாள். வாய் தானாகத் திறந்தது.

"அப்ப சாவி வெச்சிருந்தது ஒரே ஒருத்தன்தான். என் தம்பி. எடுத்தது அவன்தான்."

இன்ஸ்பெக்டர் கணினியை மூடி ஓரமாகத் தள்ளினார். பிறகு எழுதத் தொடங்கினார். அந்தக் கணினியில் தட்டவில்லை, காகிதத்தை எடுத்தார்.

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு இரண்டு பெண்களும் வாசலில் நின்றார்கள். தம்பி மனைவி நன்றி சொல்லவில்லை. சல்லடையும் எதிர்பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தம்பி போய் நாலு மாசம் ஆச்சு," என்றாள் தம்பி மனைவி கடைசியில். "அவளுக்கு அப்பா இன்னைக்குத்தான் சாகப் போறாரு."

அப்போதுதான் சல்லடைக்கு உறைத்தது. நாலு மாதமாக வராத அழுகை, இத்தனை பேர் நிற்கிற தெருவில் வந்து நின்றது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். என் கூடப் பொறந்தவன்தானே," என்றாள்.

மணி அடித்தது. சிறுமி ஓடி வந்தாள். ஒரு ஷூவின் நாடா அவிழ்ந்திருந்தது.

"என்ன அத்தை, ரெண்டு பேரும் வந்திருக்கீங்க? அம்மா, ஆபீஸ் லீவா?"

சல்லடை குனிந்து நாடாவைக் கட்டினாள். கட்டி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"கண்ணு, உங்கப்பா ஒரு தப்பு பண்ணியிருக்கான். வேற யாராவது உன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அத்தை சொல்லணும்."

சிறுமி அவளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று அம்மா சொல்வாள் என்று காத்துக்கொண்டிருந்தாள்.